காது மிஷினுக்கு யார் காது கொடுப்பது?

செல்லூரில் ஒரு தாத்தா இருக்கிறார். வயது 74. முப்பது வருஷத்துக்கு மேல் விசைத்தறி ஓட்டியவர். தறிக்கூடத்துக்குள் ஒரு தடவை போய் நின்றவர்களுக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும், பேச்சு கேட்காது. தினமும் 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல் சத்தம் கேட்டால் காதுக்கு ஆபத்து என்கிறார்கள் டாக்டர்கள். தறிக்கூடம் அதையெல்லாம் சர்வசாதாரணமாகத் தாண்டும். தாத்தா வேலையிலிருந்து நிற்பதற்கு முன்னாலேயே அவருடைய காது ரிட்டயர் ஆகிவிட்டது.

அவருக்கு மருமகள் சீட்டு எடுத்து ஒரு காது மிஷின் வாங்கிக் கொடுத்தார். காதுக்குப் பின்னால் மாட்டும் வகை. அதிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய் வந்து, காதுக்குள் இருக்கும் அச்சில் சேரும். அவரவர் காதின் அளவெடுத்துச் செய்வது அந்த அச்சு. மோல்டு என்று சொல்வார்கள். முதல் மூன்று மாதம் வீடே திருவிழாதான். டிவி சத்தம் குறைந்தது. குக்கர் எத்தனை விசில் என்று தாத்தா கணக்குச் சொன்னார். தெருமுனை டீக்கடையில் மறுபடியும் அரசியல் பேசி சண்டை போட்டார்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய கதை. டிவி சத்தம் ஏறியது. எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார். "மிஷின் மாட்டியிருக்கீங்களா மாமா?" என்றால் காதைத் தொட்டுக் காட்டுவார். மாட்டித்தான் இருந்தார். அப்படியென்றால் காது இன்னும் மோசமாகிவிட்டது, வயசாகுதுல்ல, என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். அவரிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டுமென்றால் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்த வேண்டும். யாருக்குப் பொறுமை இருக்கிறது? முக்கியமானதை மட்டும் சொன்னார்கள். பிறகு அதையும் சொல்லவில்லை.

வீட்டின் பின்பக்கம் கடைசியாக ஒரு தறி ஓடாமல் கிடந்தது. அதை விற்பதென்று முடிவானது அவருக்குத் தெரியாது. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசியபோது அவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார், காதில் மிஷினோடு. டெம்போ வந்து வாசலில் நின்றபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. சண்டை எல்லாம் போடவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா" என்று மகனிடம் கேட்டார். "சொன்னோமேப்பா, நீங்களும் தலையாட்டினீங்களே" என்றார் மகன். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். அதுதான் கொடுமை.

பொங்கல் லீவுக்கு, கோயம்புத்தூரில் படிக்கும் பேத்தி வந்தாள். அவளுக்கும் இதைப்பற்றி ஒன்றும் தெரியாது. சும்மா கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மோல்டின் ஓட்டை முழுக்கக் காதழுக்கு, சிமெண்ட் பூசின மாதிரி. குழாய் மஞ்சளாகி விறைத்திருந்தது. பேட்டரி எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியாது. ராத்திரியில் தாத்தா அதைப் பத்திரமாக வைத்த இடம் வெற்றிலைப் பெட்டி. பேட்டரிக் கதவின் இடுக்கில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. மூக்குக் கண்ணாடியில் தூசி படிந்தால் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதான். காது மிஷின் அப்படியில்லை. காது அளவுக்குச் செய்த மோல்டு, காதை இறுக்கமாக மூடும். மிஷின் வேலை செய்தால் குழாய் வழியாகச் சத்தம் உள்ளே போகும். வேலை செய்யாவிட்டால் அந்த மோல்டு வெறும் கார்க். பாட்டிலுக்கு அடைப்பான் போட்ட மாதிரி காதை அடைத்துவிடும். அதாவது, செத்துப்போன மிஷினை மாட்டியிருக்கும் மனிதருக்கு, மிஷினே மாட்டாதபோது கேட்பதைவிடக் குறைவாகக் கேட்கும். தாத்தா மாதக்கணக்கில் அடைப்பான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருமகள் கஷ்டப்பட்டு வாங்கிக் கொடுத்ததாயிற்றே, கழற்றினால் வருத்தப்படுவாளே என்று கழற்றவும் இல்லை.

மதுரைக்காரர்களுக்குக் கண் விஷயத்தில் ஒரு கொடுப்பினை உண்டு. 1976-இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊர். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மலிவாகச் செய்வதற்கென்றே 1992-இல் ஆரோலேப் தொடங்கப்பட்டதும் இங்கேதான். அதனால் கண்புரை என்றால் பயமில்லை. போனோம், லென்ஸ் வைத்தார்கள், பச்சைத் துணி கட்டினார்கள், கொஞ்ச நாள் சொட்டு மருந்து போட்டோம், முடிந்தது. காது மிஷினையும் ஜனங்கள் அந்தக் கணக்கிலேயே நினைத்துவிடுகிறார்கள். வாங்கி மாட்டியாச்சு, முடிஞ்சது என்று. லென்ஸ் கண்ணுக்குள் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். அதைத் துடைக்க வேண்டாம், அதற்குப் பேட்டரி வேண்டாம். காது மிஷின் ஒரு கைக்குழந்தை. தினம் குளிப்பாட்டாத குறையாகப் பார்க்க வேண்டும் (நிஜமாகவே குளிப்பாட்டிவிடாதீர்கள், அதற்கு வருவோம்).

முதலில் பேட்டரி. கடையில் அட்டையில் வட்டமாக அடுக்கி வருவது ஜிங்க் ஏர் பேட்டரி. 10, 312, 13, 675 என்று நாலு சைஸ். நம்பர் ஞாபகம் இல்லாதவர்களுக்காக நிறம் வைத்திருக்கிறார்கள். 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். ஒவ்வொன்றின் மேலும் அந்த நிறத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். அந்த ஸ்டிக்கர் அலங்காரத்துக்கு அல்ல. அதன் அடியில் குட்டிக் குட்டி ஓட்டைகள் உண்டு. ஸ்டிக்கரை உரித்தால் காற்று உள்ளே போகும், காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் உள்ளே இருக்கும் துத்தநாகமும் சேர்ந்துதான் மின்சாரம். காற்றைச் சாப்பிட்டு ஓடுகிற பேட்டரி! உரித்தவுடன் மாட்டி உடனே கதவை மூடினால் சரியாகப் பிடிக்காது. ஒரு மூன்று நிமிஷமாவது வெளியே வைத்துவிட்டு மாட்ட வேண்டும். பல வீடுகளில் "புது பேட்டரியும் டூப்ளிகேட்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது இந்த மூன்று நிமிஷம் தெரியாமல்தான்.

ஒரு தடவை உரித்துவிட்டால் அவ்வளவுதான். மிஷினை மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் அது தீர்ந்துகொண்டேதான் இருக்கும். ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. மதுரை வெயிலில் இன்னொரு தொல்லை. காற்று ரொம்ப வறண்டிருந்தால் அந்த ஓட்டைகள் வழியாகவே உள்ளிருக்கும் ஈரம் காய்ந்து பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். அதற்காக அட்டையை ஃபிரிட்ஜில் வைக்கிறவர்கள் உண்டு. வேண்டாம். வெளியே எடுத்ததும் வேர்த்து ஈரம் கோத்துவிடும். வெயில் படாத அலமாரி போதும்.

அலமாரி என்றதும் ஒன்று. மாத்திரை டப்பா இருக்கும் தட்டில் இதை வைக்கவே கூடாது. சைஸும் உருண்டையும் அச்சு அசலாக மாத்திரை மாதிரியே இருக்கும். கண் சரியாகத் தெரியாத பெரியவர்கள் மாத்திரை என்று விழுங்கிவிடுவது நடக்கிற விஷயம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் தீர்ந்த பேட்டரியைக்கூடத் தரையில் விடக்கூடாது. யாராவது விழுங்கிவிட்டால் வாழைப்பழம் கொடுத்துப் பார்க்கலாம் என்று உட்காராமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வண்டு மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் அப்படியே.

(பட்ஜெட் போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 13-ஆம் நம்பர் ஒன்று சுமாராகப் பத்து நாள் வருகிறது என்று வைத்தால், ஒரு காதுக்கு வருஷத்துக்கு 36. ஆறு பேட்டரி அட்டை என்றால் ஆறு அட்டை. இரண்டு காது என்றால் பன்னிரண்டு. மிஷின் வாங்கும்போது சீட்டு எடுப்பது ஒரு தடவைச் செலவு, இது வாழ்நாள் செலவு. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது காது மிஷினுக்கு வரிவிலக்கு கொடுத்தார்கள். அதை ஓட வைக்கும் பேட்டரிக்கு வரி உண்டு. வரி போட்டவர்கள் அந்த மிஷின் எதில் ஓடும் என்று நினைத்தார்களோ!)

அடுத்தது ராத்திரி வேலை. படுக்கப் போகும்போது மிஷினைக் கழற்றி, காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து, பேட்டரியை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, கதவைத் திறந்தபடியே ஒரு மூடி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல். புது ஷூ பெட்டியில் 'சாப்பிடாதீர்கள்' என்று எழுதி ஒரு பொட்டலம் வருமே, அதே சாமான்தான். மருந்துக்கடையிலும் காது மிஷின் கடையிலும் கிடைக்கிற நீலமணி வகை நல்லது. ஈரத்தை உறிஞ்சி முடித்தால் இளஞ்சிவப்பாக மாறித் தானே சொல்லிவிடும். சூடு காட்டினால் மறுபடி நீலமாகும். ஆனால் அந்த நீலச் சாயம் வயிற்றுக்கு ஆகாது, தோசைக்கல்லில் எல்லாம் போட்டு வறுக்காதீர்கள். அதற்கென்று ஒரு பழைய தகர டப்பா ஒதுக்குங்கள், இல்லையென்றால் புதிதே வாங்கிவிடுங்கள். நனைந்த செல்போனை அரிசிக்குள் புதைப்பது போல இதைப் புதைப்பதும் வேண்டாம். அரிசி மாவுத்தூள் மைக் ஓட்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆறு மாசம் மழையே பெய்யாத ஊரில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். வேர்வை! சித்திரை, வைகாசியில் மதுரையில் காதுக்குப் பின்னால் வழிகிற வேர்வை போதாதா? அதில் உப்பு வேறு. தலையில் துண்டு கட்டுகிறவர்கள், ஹெல்மெட் போடுகிறவர்களுக்கு இரட்டிப்பு. அப்புறம் எண்ணெய். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது மிஷினைக் கழற்றி வைக்க எல்லோருக்கும் தெரியும். குளித்துத் துவட்டிய கையோடு, காதோரம் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்போதே மாட்டிக்கொள்வதுதான் தப்பு. முகத்துக்கு அடிக்கும் பவுடரும் அப்படித்தான், எல்லாம் போட்டு முடித்துக் கடைசியாகத்தான் மிஷின்.

இப்போது வருகிற சில மிஷின்களில் ஐ.பி.68 என்று போட்டிருக்கும். தூசியும் தண்ணீரும் சுலபத்தில் உள்ளே புகாது என்று அர்த்தம். குழாயடியில் காட்டிக் கழுவலாம் என்று அர்த்தம் இல்லை. கழுவக்கூடியது மோல்டு மட்டும்தான். அதைக் குழாயோடு மிஷினிலிருந்து கழற்றி, வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு போட்டுக் கழுவி, ராத்திரி முழுக்கக் காயவிட்டு, குழாய்க்குள் தங்கிய தண்ணீரை ரப்பர் பல்பால் ஊதி எடுத்துவிட்டு, காலையில் திரும்ப மாட்ட வேண்டும். குழாய்க்குள் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றால்கூடச் சத்தம் அதைத் தாண்டாது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டாம். குண்டூசி, சேப்டி பின், ஊக்கு எதையும் ஓட்டைக்குள் விட வேண்டாம் (அப்பத்தாக்களின் கவனத்துக்கு!). குழாய் சில மாதங்களில் விறைத்து மஞ்சளாகும். மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய சாமான் அது, மிஷின் ரிப்பேர் என்று அர்த்தமில்லை.

"கீய்ங்..." என்று விசில் அடிக்கிறது என்பது எல்லா வீட்டிலும் வரும் புகார். மிஷின் பெரிதாக்கி அனுப்பிய சத்தம் காதுக்குள் போகாமல் இடுக்கு வழியாக வெளியே கசிந்து, திரும்ப மைக்கிலேயே போய் விழுவதுதான் விசில். கல்யாண மண்டபத்தில் மைக் ஸ்பீக்கருக்கு நேராகப் போனால் அலறுகிறதே, அதேதான். மோல்டு சரியாக உட்காரவில்லை, அல்லது குழாயில் கீறல், அல்லது காதுக்குள்ளேயே அழுக்கு மலையாக நிற்கிறது, இதில் ஏதோ ஒன்று. சத்தத்தைக் குறைத்து வைத்தால் விசில் நிற்கும், பேச்சும் நின்றுவிடும். காதழுக்கு என்றதும் நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றாமல் காது டாக்டரிடம் காட்டி எடுத்துக்கொள்வது நல்லது.

இதெல்லாம் பெரிய விஞ்ஞானம் இல்லை. ஆனால் யார் சொல்லித் தருகிறார்கள்? மத்திய அரசு 1972-இல் கான்பூரில் தொடங்கிய அலிம்கோ நிறுவனம் காது மிஷின் உட்பட உதவிக் கருவிகளைத் தயாரிக்கிறது. முகாம் போட்டு இலவசமாகக் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு காக்ளியர் இம்பிளாண்ட் ஆபரேஷனே தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசம். நல்ல விஷயங்கள், சந்தேகமே இல்லை. கொடுக்கும்போது போட்டோ எடுக்கிறார்கள். மூன்று மாதம் கழித்துக் குழாய் மஞ்சளாகும்போது போட்டோ எடுக்க யாரும் வருவதில்லை. மேலூர் பக்கமும் உசிலம்பட்டி பக்கமும் இருக்கும் கிராமத்துக்காரர் ஒரு பேட்டரி அட்டைக்காக பஸ் ஏறி மதுரை வர வேண்டும். ஒரு நாள் கூலி போச்சு. நாலு தடவை வருவார், ஐந்தாவது தடவை மிஷின் பீரோவுக்குள் போய்விடும்.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையில், கேட்கும் திறன் குறைந்து உதவி தேவைப்படுகிறவர்கள் உலகத்தில் 43 கோடிக்கு மேல் என்று சொல்லியிருக்கிறது. பெரும்பாலானவர்கள் நம்மைப் போன்ற நாடுகளில்தான். ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டில் ஒட்சே என்ற ஊரில் இந்தப் பேட்டரிப் பிரச்சினைக்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள். வெயிலில் வைத்தால் காது மிஷின் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஒரு குட்டிப் பெட்டி. அதைத் தயாரிக்க வேலைக்கு எடுத்தவர்களில் காது கேளாதவர்கள் இருந்தார்கள் என்பதுதான் அதில் அழகு. எங்கே வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வெயிலுக்கு மதுரையில் என்ன பஞ்சம்?

சரி, செல்லூர் தாத்தாவுக்கு வருவோம். பேத்தி அவரை ஆடியாலஜிஸ்டிடம் கூட்டிப்போனாள். காதைச் சுத்தம் செய்து, குழாயை மாற்றி, மோல்டைக் கழுவிக் கொடுத்து, புது பேட்டரி போட்டார்கள். மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. காதும் முன்பு எடுத்த ரிப்போர்ட்டில் இருந்தபடியேதான் இருந்தது, மோசமாகவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகன் முதலில் பேசியது தறியைப் பற்றித்தான். தாத்தா முழுசாகக் கேட்டுவிட்டு, "வித்தது தப்பில்லப்பா. அந்த வெலைக்கு வித்திருக்கக் கூடாது" என்றார். :)

சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்கு ஆழ்வார்புரம் பக்கம் போக வேண்டுமென்று அடம் பிடித்தார். செல்லூரிலிருந்து கூப்பிடு தூரம். பக்தர்கள் தோல் பையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு பீய்ச்சுவார்கள், அதுதான் நேர்த்திக்கடன். நனையாமல் திரும்ப முடியாது. மிஷினைக் கழற்றினால் கோவிந்தா சத்தம் கேட்காது, கழற்றாவிட்டால் மிஷின் போய்விடும். மகன் மொட்டை மாடி ஒன்றில் இடம் பிடித்துக் கொடுத்தார். மேலேயிருந்து கேட்டார். அப்புறம் மிஷினைக் கழற்றி, டப்பாவில் போட்டு, மருமகள் கையில் கொடுத்துவிட்டு, கீழே இறங்கிப்போய் ஆசை தீர நனைந்துவிட்டு வந்தார்.

பேத்தி ஊருக்குத் திரும்பும் முன் பொறுப்பை ஒப்படைத்தது, நாலாம் வகுப்பு படிக்கும் தம்பியிடம். பெரியவர்கள் மறந்துவிடுவார்கள், அவன் மறக்க மாட்டான். டேனியல் லிங் என்ற பேராசிரியர் காது மிஷின் மாட்டிய குழந்தைகளுக்காக உருவாக்கிய சோதனை ஒன்று உண்டு. ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறே ஒலி. பேச்சில் இருக்கும் கனத்த சத்தம் முதல் மெல்லிய சத்தம் வரைக்கும் இந்த ஆறில் அடங்கிவிடும். வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் நோட்டால் வாயை மூடிக்கொண்டு பையன் நடத்துகிறான். தாத்தாவுக்குத் தறி தின்றது போக மிச்சம் இருப்பதில் 'ஸ்' எப்போதும் கேட்காது, அது கணக்கில் இல்லை. மற்ற ஐந்தும் வர வேண்டும்.

ஒரு நாள் காலையில் நாலோடு நின்றுவிட்டார். "'ஷ்' சொல்லவே இல்லையேடா" என்றார்.

"சொன்னேன் தாத்தா. ரெண்டு தடவ சொன்னேன்."

"அப்ப கழட்டு."

பையன் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நடுவில் ஒரு சொட்டு வேர்வை நின்றது. ரப்பர் பல்பை எடுத்து இரண்டு தடவை ஊதினான். ஸ்கூல் வேன் ஹார்ன் அடித்தது. "வேன் வந்துருச்சு பாரு, போ, போ" என்றார் தாத்தா, மிஷினை வாங்கி மாட்டிக்கொண்டே.